மோடத்தின் ஒலியைக் கேட்டு டயல்-அப் இணைப்பைச் சரிசெய்த அனுபவம்

வீட்டுக் கணினியின் தாய்ப்பலகையை மாற்றி, அதை வேறோர் அறைக்குக் கொண்டுசென்று, விண்டோஸ் 98ஐப் புதிதாக நிறுவிய பின், அதுவரை ஒழுங்காக இயங்கிய டயல்-அப் இணைப்பு, அதாவது தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்டும் இணைப்பு, அடியோடு நின்றுபோயிற்று. அதை மீட்பதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிழை எண்களைக் கடந்துவர வேண்டியிருந்தது. இத்தகைய நிலையில் பலரும், கணினியின் தரவைத் தொலைபேசியில் செல்லும் ஒலியாக மாற்றும் கருவியான மோடத்தின் டிரைவர் மென்பொருளை நீக்குவதிலும் மறுபடி நிறுவுவதிலுமே பொழுதைக் கழித்தார்கள். உண்மையில் அது தேவைப்படுவது அரிது. இணைப்பு கிடைக்க, கணினி மோடத்தோடு பேச வேண்டும்; மோடம் தொலைபேசி இணைப்பை எடுத்து எண்ணை அழைக்க வேண்டும்; மறுமுனையில் உள்ள மோடத்தோடு ஒரு வேகத்துக்கு உடன்பட வேண்டும்; பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட வேண்டும்; கடைசியாக, இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி கிடைக்க வேண்டும். இவற்றுள் எந்தப் படியில் தடை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மிகுதியும் துணைநின்றது மோடத்தின் சிறிய ஒலிபெருக்கி. இரைச்சல் தொந்தரவாக இருக்கிறது என்று ஏடிஎம்0 என்னும் கட்டளையால் அதை அணைத்து வைத்திருப்பவர்கள், கோளாறு தீரும்வரையாவது ஏடிஎம்1 கொடுத்துத் திறந்து வைக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

என்னுடையது சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடம். முதலில் வந்தது பிழை எண் 630, அதாவது மோடத்திடமிருந்து கணினிக்கு மறுமொழியே வரவில்லை என்பது. ஒலிபெருக்கியில் சிறு சத்தம்கூட இல்லை. மோடம் இணைப்பை எடுத்ததைக் காட்டும் ஓஎச் விளக்கும் எரியவில்லை. ஆகவே தொலைபேசிக் கம்பியைத் தொடவேண்டிய தேவையே இல்லை, கோளாறு கணினிக்கும் மோடத்துக்கும் இடையில்தான் என்பது உறுதியாயிற்று. மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை அனுப்ப உதவும் ஹைப்பர்டெர்மினல் மென்பொருளைத் திறந்து, மோடம் செருகியிருந்த இரண்டாம் சீரியல் போர்ட்டான காம்2ஐத் தேர்ந்து, ஏடி என்று தட்டி என்டர் அழுத்தினேன். நல்ல நிலையில் உள்ள மோடம் உடனே ஓகே என்று விடையளிக்கும். விடை வராமல் போனதோடு, நான் தட்டிய எழுத்துகளும் திரையில் தோன்றவில்லை. புதிய தாய்ப்பலகையின் பயாஸ் அமைப்பில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளில், பார்த்தபோது இரண்டாம் சீரியல் போர்ட் முடக்கப்பட்டிருந்தது. அதை இயக்கி, 2எஃப்8 என்ற முகவரியும், கருவி கணினியின் கவனத்தைக் கோரும் தடமாக ஐஆர்க்யூ 3ம் கொடுத்தவுடன் ஓகே வந்தது. காம்2, காம்4 ஆகிய இரண்டும் வழக்கமாக ஐஆர்க்யூ 3ஐயும், காம்1, காம்3 ஆகிய இரண்டும் ஐஆர்க்யூ 4ஐயும் பகிர்ந்துகொள்பவை. மவுஸ் காம்1இல் இருக்கையில் மோடத்தைக் காம்3இல் வைத்தால், மவுஸை அசைக்கும்போது இணைப்பு உறைந்துபோவதற்கு இதுவே காரணம்.

அடுத்து 680: டயல் டோன் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியில் டயல் டோன் தெளிவாகக் கேட்டது. காது கேட்கும் ஒலியை மோடம் டயல் டோன் என்று ஏற்கவில்லை என்றால், அது எதிர்பார்க்கும் அலைவெண்ணோ விட்டுவிட்டு ஒலிக்கும் முறையோ அந்தத் தொலைபேசி இணைப்பகத்தின் ஒலியோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒரு நாட்டின் இணைப்பகத்துக்கென அமைக்கப்பட்ட மோடத்தை வேறு நாட்டில் பயன்படுத்தும்போதும், குரல் அஞ்சல் வந்திருப்பதை உணர்த்த டோன் துண்டுதுண்டாக ஒலிக்கும்போதும் இப்படி நேரும். கண்ட்ரோல் பேனலில் மோடத்தின் பண்புகளுக்குள் சென்று, கனெக்‌ஷன் பகுதியில் உள்ள அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் என்ற கட்டத்தில் எக்ஸ்3 என்று எழுதினேன். டயல் டோனுக்குக் காத்திராமல் அழைக்கவும், மறுமுனை வேறு அழைப்பில் இருந்தால் அதை மட்டும் அறிவிக்கவும் இது மோடத்துக்குச் சொல்கிறது. டயல் டோன் உண்மையாகவே கேட்காதவர்கள் இதைச் செய்வதில் பயனில்லை. சுவரிலிருந்து வரும் கம்பி மோடத்தின் லைன் துளையில் இருக்கிறதா, தவறிப்போய் போன் துளையில் இருக்கிறதா என்பதையே அவர்கள் முதலில் பார்க்க வேண்டும். எண்களை அழைத்த பிறகும் பின்னணியில் டயல் டோன் நிற்காமல் ஒலித்தால், இணைப்பகம் டோன் முறையை ஏற்கவில்லை. பல்ஸ் முறைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

இதன்பின் வந்த கட்டம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. பொறுமையும் இங்கேதான் வேண்டும். மறுமுனை மோடம் எடுத்தது. 2100 ஹெர்ட்ஸ் அளவிலான அதன் விடையொலி கேட்டது. இரு மோடம்களும் கம்பியின் தரத்தை அளக்கும் கரகரப்பும் சீறலும் தொடர்ந்தன. வழக்கமாகச் சீறல் ஒருமுறை வந்து அடங்கும். அதன்பின் ஒலிபெருக்கி தானே அணைந்துவிடும். எனக்கோ அந்தச் சீறல் அடங்கி, மீண்டும் முதலிலிருந்து எழுந்து, சில நொடிகளில் அழைப்பே அறுந்தது. சில வேளைகளில் இணைப்பு கிடைத்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் துண்டித்துப்போனது. சீறல் திரும்பத்திரும்ப எழுவது, எட்டிய வேகத்தைக் கம்பி தாங்கவில்லை என்பதால் மோடம்கள் மறுபடி அளந்து பார்க்கின்றன என்பதன் அடையாளம்.

கம்பியின் தரத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சாதாரணத் தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் இலக்கத்தை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பழைய அறையில் இருந்த இணைப்பில் அமைதி முழுமையாக இருந்தது. புதிய அறையிலோ தாழ்ந்த ரீங்காரமும் இடையிடையே சடசடப்பும் கேட்டன. சுவரோரம் கொண்டுசென்றிருந்த நீட்டிப்புக் கம்பி தட்டையானது. உள்ளே இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளாமல் இணையாகச் செல்லும் அமைப்பு உடையது. அதை மின்சாரக் கம்பிகளோடும் அடாப்டர்களோடும் சேர்த்து வைத்தால் மின்னோட்டத்தின் ரீங்காரத்தை இழுத்துக்கொள்ளும். முறுக்கிய இணை இழை கொண்ட கம்பியை வாங்கி, மின்கம்பிகளிலிருந்து தள்ளி இட்டதும் ரீங்காரம் பெருமளவு குறைந்தது. அதே இணைப்பில் இன்னோர் அறையில் இருந்த பழைய தொலைபேசியைக் கழற்றியதும் சடசடப்பும் நின்றது. உரையாடலுக்குத் தடையாகத் தோன்றாத குறை மோடத்துக்குப் பெருந்தடையாகிவிடுகிறது. தொலைபேசி இணைப்பு கடத்துவது ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பகுதியை மட்டுமே. அதற்குள் நொடிக்குப் பல்லாயிரம் பிட்டுகளை அடக்க வேண்டியிருக்கிறது.

அதன் பிறகும் வேகத்தை நானே குறைத்தேன். 1998இல் வந்த வி.90 தரம் சொல்லும் 56 கிலோபிட் வேகம், இணைய நிறுவனத்தின் பக்கம் முழுவதும் டிஜிட்டலாக இருந்து, வீட்டுக்கு வரும் வழியில் ஒரேயோர் இடத்தில் மட்டும் அனலாக்காக மாறினால்தான் சாத்தியம். அதுவும் இணையத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் திசையில் மட்டுமே. ஏறும் திசையில் 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. நிறைவற்ற கம்பியில் அந்த உச்சத்தை எட்ட மோடம் போராடுவதால் பிழைகள் பெருகுகின்றன, மறு அளவீடுகள் நிகழ்கின்றன, இடையில் எதுவும் நகர்வதில்லை. எக்ஸ்ட்ரா செட்டிங்ஸில் +எம்எஸ்=வி34 என்று சேர்த்து மோடத்தை வேகம் குறைந்த பழைய வி.34 தரத்துக்குள் நிறுத்தினேன். எல்லா மோடங்களும் இக்கட்டளையை ஏற்பதில்லை. சிலவற்றில் இதற்குத் தனிப் பதிவேட்டு எண் (மோடம் தன் அமைப்பு மதிப்பைச் சேமிக்கும் இடத்தின் எண்) உண்டு, மோடத்தோடு வரும் கையேட்டில் அது இருக்கும். 31,200 என்ற எண்ணில் அசையாமல் நிற்கும் இணைப்பு, 46,000இல் எழுந்து விழும் இணைப்பைவிடப் பயன்மிக்கது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. திரையில் 115,200 என்று கண்டு மகிழ்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட் வேகம், கம்பியின் வேகம் அன்று.

ஒலி நின்ற பிறகு வரும் பிழைகளுக்கும் கம்பிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. 691 வந்தால் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும், பெரிய எழுத்துப் பூட்டையும் (கேப்ஸ் லாக்) பார்த்தால் போதும். எனக்கு வந்தது 720. இரு முனைகளும் பொதுவான நெறிமுறையில் உடன்படவில்லை என்பது அதன் பொருள். விண்டோஸின் டயல்-அப் அடாப்டரோடு இணைய நெறிமுறையான டிசிபி/ஐபி சரியாகப் பிணையாததே அதற்குக் காரணம். கண்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் பகுதியில் அவ்விரண்டையும் நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, மீண்டும் சேர்த்தேன். இணைப்பின் சர்வர் டைப்ஸ் பகுதியில் டயல்-அப்புக்கான பிபிபி என்பதைத் தேர்ந்து, நெட்பியூயி, ஐபிஎக்ஸ் ஆகிய தேவையற்ற நெறிமுறைகளின் குறிகளை எடுத்துவிட்டு, லாக் ஆன் டு நெட்வொர்க் என்ற குறியையும் நீக்கியதும் உள்நுழைவு விரைவாக முடிந்தது.

இணைப்பு நிலைத்த பின்னும் எந்தத் தளமும் திறக்கவில்லை. மறுமுனை விடையளிக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை ஐபி முகவரியோடு கொடுத்தால் மறுமொழி வந்தது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை. எனவே குறை, பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். இணைய நிறுவனம் எப்போதோ தந்த அச்சுத்தாளில் இருந்த டிஎன்எஸ் முகவரிகள் வழக்கொழிந்திருந்தன. அவற்றை அகற்றி, முகவரிகளைச் சர்வரே வழங்கட்டும் என்ற தேர்வை இட்டதும் தளங்கள் திறந்தன.

எஞ்சியது, நெடுநேரம் நன்றாக ஓடிய இணைப்பு எப்போதாவது அறுந்துபோவது. அட்வான்ஸ்டு பகுதியிலேயே அப்பெண்ட் டு லாக் என்ற குறியை இட்டால், மோடம் பெற்ற கட்டளைகளும் அளித்த விடைகளும் ஒரு கோப்பில் நேரத்தோடு பதிவாகின்றன. அதில் துண்டிப்பு நேர்ந்த நேரங்களை வீட்டுக்கு வேறு அழைப்பு வந்த நேரங்களோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தின. அழைப்புக் காத்திருப்புச் சேவையின் குறும் ஒலி, மறுமுனை மோடம் தொடர்ந்து அனுப்பும் குறிப்பலையைச் சற்றே மறைத்திருக்கிறது. அப்படி அலை மறைந்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்பதை எஸ்10 பதிவேடு தீர்மானிக்கிறது. அதன் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. என் மோடத்தில் 14 என்று, அதாவது 1.4 நொடி என்று இருந்ததை எஸ்10=50 எனக் கொடுத்து ஐந்து நொடியாக்கினேன். துண்டிப்புகள் மிகவும் குறைந்தன. அவற்றை முற்றிலும் ஒழிக்க வேண்டுமானால், இணையத்தில் இருக்கும் நேரத்துக்கு அழைப்புக் காத்திருப்பையே நிறுத்திவைக்கும் குறியீட்டைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு, டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் ஒரு காற்புள்ளியோடு சேர்த்துக்கொள்ளலாம். காற்புள்ளி ஒவ்வொன்றும் வழக்கமாக இரண்டு நொடி இடைநிறுத்தம் தரும். குறியீட்டை இணைப்பகம் ஏற்க அந்த அவகாசம் பெரும்பாலும் போதுமானது.