ஸ்டெம் செல்லில் இருந்து ரத்தம்: ஹானர்ஸ் தேர்வுக்கு இப்படிப் படியுங்கள்

நவம்பர் தேர்வு நெருங்கினால் போதும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஹானர்ஸ் (பட்டத்துக்கு அடுத்த ஓராண்டுப் படிப்பு) படிக்கிற நம்ம பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, அந்த பிஎம்பி4, விஈஜிஎஃப் எல்லாம் எப்படி மனப்பாடம் பண்ணினீங்க?" பண்ணவே இல்லை. ஸ்டெம் செல்லை, அதாவது பல வகை செல்களாக மாறக்கூடிய தாய்ச் செல்லை, ரத்தமாகத் திருப்பும் சமிக்ஞைப் புரதங்கள் அவை. பட்டியலாக உருப்போட்டால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதுமே எல்லாம் கலைந்துவிடும்.

முதலில் கருவுக்குள் நடப்பதைப் படியுங்கள். ஆய்வுக்கூடத்தில் செய்வது, கரு ஏற்கெனவே போகிற பாதையில் ஸ்டெம் செல்லை நடத்திக் கூட்டிப்போவதுதான். பிஎம்பி4 கொடுத்தால் செல் மீசோடெர்ம் (கருவின் நடு அடுக்கு) பக்கம் திரும்பும், பிராக்யூரி மரபணு வேலை செய்யத் தொடங்கும், அப்புறம் விஈஜிஎஃப், அதை வாங்கிக்கொள்ளும் எஃப்எல்கே1 ஏற்பி, அங்கிருந்து ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள். இங்கேதான் நின்று படிக்க வேண்டும். அந்த உள்சுவரில் எல்லா செல்லும் அல்ல, சில மட்டும் ரத்தமாக மாறும். அதற்கு ரன்க்ஸ்1 என்ற மரபணு வேண்டும், அது இல்லாத எலிக்கரு பாதியிலேயே இறந்துவிடும். நுண்ணோக்கிப் படம் கிடைத்தால் பாருங்கள்: தட்டோடு ஒட்டித் தட்டையாகக் கிடந்த செல் மெல்ல உப்பி, உருண்டு, கழன்று மிதக்கும். அதை ஒருமுறை பார்த்தவருக்கு இந்தப் பகுதி மறக்காது.

லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு இருந்த ராத்திரிகளில் லேப்டாப் படுத்துவிடும், பெரிய தாளும் பேனாவும்தான் துணையாக இருந்தன. அந்தத் தாளில் நாள்கோடு ஒன்று போடுங்கள். எலியில் ஏழரை நாள் வாக்கில் மஞ்சள்கருப் பையில் முதல் அலை: உட்கரு உள்ள பெரிய சிவப்பணுக்கள், அவசரத் தேவைக்கு. பத்தரை நாளில் பெருந்தமனிச் சுவரில் அசல் ரத்த ஸ்டெம் செல், அது கல்லீரலுக்குப் போய்ப் பெருகி, கடைசியில் எலும்பு மஜ்ஜைக்கு வந்து சேரும். தட்டில் வளர்க்கும் கரு ஸ்டெம் செல் முதல் அலையைச் சுலபமாகக் கொடுத்துவிடும், இரண்டாவதைக் கொடுக்க முரண்டு பிடிக்கும். மார்க் வாங்கித் தருவது இந்த வித்தியாசம்தான்.

அடுத்து வரும் கேள்வி, கிடைத்தது உண்மையிலேயே ஸ்டெம் செல் என்பதற்கு என்ன ஆதாரம்? செல்லின் மேற்பரப்பில் சிடி34, சிடி45 என்ற அடையாளப் புரதங்கள் இருக்கிறது என்று எழுதி நிறுத்தினால் பாதி மார்க். தட்டில் காலனி வளர்ந்ததும் போதாது, அது கொஞ்ச காலம் மட்டும் ரத்தம் தரும் முன்னோடிச் செல்லாக இருக்கலாம். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிக்குள் செலுத்தி, மாதக்கணக்கில் எல்லா வகை ரத்த அணுவும் வர வேண்டும். அந்த எலியின் மஜ்ஜையை இன்னொரு எலிக்கு மாற்றினாலும் அதேபோல் வர வேண்டும். மனித செல்லில் இது வெகுகாலம் கைகூடவில்லை. 2024இல் மெல்போர்ன் குழு ஒன்று, உடல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி எடுத்த தூண்டப்பட்ட ஸ்டெம் செல்லில் இருந்து, எலியில் நிலைத்து நிற்கும் ரத்த ஸ்டெம் செல்களை உருவாக்கியதாக வெளியிட்டது. ஒரு வரியாவது எழுதுங்கள், திருத்துகிறவர் கண்ணில் படும்.

நெறிமுறைக் கேள்வியை நம்ம ஆட்கள் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், 14 நாளுக்கு மேற்படாத கருவில்தான், அதுவும் அமைச்சர் அனுமதியோடு, ஆய்வு செய்ய விடுகிறது. மனிதக் கருவில் முதல் ரத்தம் தோன்றுவது மூன்றாவது வாரத்தில். அதாவது, நாம் பார்க்க விரும்பும் கட்டம் தொடங்கும் முன்பே கதவு சாத்திவிடுகிறது; ரத்த ஆய்வுக்குத் தட்டில் வளர்க்கும் ஸ்டெம் செல் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதை இதை வைத்தே எழுதலாம்.