630003-க்குள் ஒரு போலி

நேற்று மாலை கரண்ட் போயிருந்தது. வளவில் தூணில் சாய்ந்துகொண்டு, தபாலில் வந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரைக்குடி 630003. சும்மா வகுத்துப் பார்ப்போமே என்று உறையின் பின்பக்கம் ஆரம்பித்தேன்.

இலக்கங்களின் கூட்டல் 12, அதனால் 3 போகும், மிச்சம் 210001. இதில் ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் 2+0+0, 1+0+1. இரண்டும் சமம் என்பதால் 11-உம் போகும். 19091 வந்தது. 7, 13 எல்லாம் கை விரித்தன. 17 போட்டதும் 1123. அது பகா எண். 31 வரை முயன்றுதான் விட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. 3×11×17 என்றால் 561! கார்மைக்கேல் எண்களிலேயே மிகச் சிறியது. எந்த முழு எண்ணையும் 561 தடவை எழுதி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கி, அதே எண்ணைக் கழித்தால் 561-ஆல் மீதியின்றி வகுபடும். பகா எண்ணுக்கு உரிய குணம் இது. இங்கே பகு எண் ஒன்று அந்த வேஷம் கட்டி நிற்கிறது; அப்படி நிற்பவைதான் கார்மைக்கேல் எண்கள். சூட்சுமம் 560-இல்: 2, 10, 16, அதாவது ஒவ்வொரு காரணியிலும் ஒன்று குறைத்தது, மூன்றுமே 560-ஐ வகுக்கும். இப்படிப்பட்டவை முடிவில்லாமல் உண்டு என்று 1994-இல்தான் நிரூபித்தார்கள்.

அப்பத்தாவிடம் உறையைக் காட்டினேன். “பால் கணக்கு எழுத வச்சிருந்தேன்டா, அதையும் கிறுக்கிட்டியா?” என்றார்.