மூன்று நாள் வெப்பநிலை

நம் சங்கத்து உறுப்பினர்கள் எல்லோரையும் ஒரே ஹயஸ் வானில் ஏற்றிவிடலாம்; பின் ஆசனத்தில் சாப்பாட்டுப் பார்சல் வைக்க இடமும் மிஞ்சும். இருந்தும் நமக்குத் தலைவர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், கணக்கு வாசிக்காத பொருளாளர் இருக்கிறார், இப்போது மலரும் வருகிறது. கனடாவில் இருவர் இருப்பதால் இங்கே ஒரு வெளிநாட்டுக் கிளையும் உண்டு. அந்த இருவரில் ஒருவர் கிளைத் தலைவர். மற்றவர் நான். ஐஸ்லாந்தின் ஹோலாரில் மீன் வளர்ப்புப் படித்த தமிழர்கள் மலர் போடுகிறார்கள் என்று ஹோலாரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஊரையே இரண்டு மூன்று பஸ்களில் ஏற்றிவிடலாம் என்பது வேறு விடயம்.

செயலாளர் கட்டுரை கேட்டது இருபதாண்டு நிறைவுக்காக. "பார்க்கலாம்" என்று சொல்லி ஆறு மாதம் கடத்தினேன். போன ஒக்டோபரில் நம் ஆசிரியர் காலமான செய்தி வந்தது. அதன் பிறகு கடத்த முடியவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாட்டில் ஆசிரியரையும் அமைச்சரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலானோருக்குக் கிடையாது, நம்மைப்போலத் தகப்பன் பெயர்தான் ஒட்டிக்கொண்டு வரும். வகுப்புப் பட்டியலை அவர்கள் சொந்தப் பெயரின் அகரவரிசையில் அடுக்குவார்கள். கட்டுநாயக்காவை விட்டுக் கிளம்பிய பிறகு என்னை என் அப்பாவின் பெயரால் கூப்பிடாத முதல் இடம் அதுதான். இவ்வளவு சுலபமாக இருந்தும் அவரைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு கடைசிவரை வளையவில்லை. முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று "குட் மோர்னிங் சேர்" என்றேன். தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

நாம் படித்ததோ சார் மீன். நாம் "சேர்" என்றால் தமிழகத்தார் "சார்" என்பார்கள் என்று ஒரு நாள் அவரிடம் விளக்கினேன். தொட்டியைக் காட்டி, "இனி இவர்களையே அப்படி அழையுங்கள், இந்த ஊரில் மூத்தவர்கள் இவர்கள்தான்" என்றார். ஆர்க்டிக் சார், பனியுகம் வடிந்ததுமே அந்த ஏரிகளுக்குள் குடியேறிய மீன். திங்வட்லா ஏரியில் அது நான்கு உருவங்களாகப் பிரிந்து கிடக்கிறது: அடியில் மேய்வதில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று, மிதவையுயிர் தின்பது, மற்ற மீனைத் தின்பது. அந்த ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஸ்கூலி ஸ்கூலசொன்தான் அப்போது ஹோலாரின் ரெக்டர். பள்ளிக்கூடத்தின் தலைவருக்கு ஸ்கூலி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று நாம் சமையலறையில் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? ரெக்டர் என்றால் துணைவேந்தரா, அதிபரா என்றும் விவாதித்தோம். துணைவேந்தர் என்றால் கார்க் கதவைத் திறந்துவிட ஆள் வேண்டும். அங்கே எவருக்கும் அப்படி ஓர் ஆள் இல்லாததால் அதிபர் என்றே முடிவு செய்தோம்.

ஆனால் அந்தச் சிறிய ஊரின் அதிபர் வரிசை எங்கே தொடங்குகிறது தெரியுமா? 1106 இல். முதல் ஆயர் யோன் ஓக்முண்டசொன் பேராலயத்தோடு பள்ளியையும் தொடங்கினார். கிழமைகளின் பெயரில் இருந்த பழைய தெய்வங்களைக் கழற்றிவிட்டு மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று எண்ணாக மாற்றியவர் அவரே என்பார்கள். அச்சுப்பொறியை நாட்டுக்குக் கொண்டுவந்த ஆயர் யோன் அராசொனை 1550 இல் இரண்டு மகன்களோடு தலைவெட்டிக் கொன்றார்கள். குத்பிராண்டுர் தோர்லாக்சொன் 1584 இல் முழு வேதாகமத்தையும் ஐஸ்லாந்து மொழியில் அங்கேயே அச்சிட்டார். ஆயர்பீடம் போய், 1882 இல் விவசாயப் பள்ளி வந்து, அது 2003 இல் பட்டம் கொடுக்கும் உரிமை பெற்று, அடுத்த ஆண்டு நான் போய் இறங்கினேன். தலை போன அதிபரும் உண்டு என்பதால், கதவு திறக்க ஆள் இல்லாததைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நம் ஆசிரியருக்கு இந்த வரிசையில் பிடித்தவர் குத்பிராண்டுர் மட்டுமே. வேதாகமத்துக்காக அல்ல. ஹோலாரின் அகலாங்கை அந்த மனிதர் தானே வானத்தைப் பார்த்து அளந்தார் என்பதற்காக. "அவர் வெளியே வந்து நின்றார்" என்பார். குளிரில் வெளியே வந்து நின்று பார்த்தவர்கள், உள்ளே இருந்து எழுதியவர்கள் என்று அவரிடம் மனிதகுலத்துக்கு இரண்டே வகைதான்.

நான் இரண்டாம் வகை. அது வெளிப்படக் கொஞ்ச நாள் எடுத்தது.

முதலில் மீன் பாடிய கதை. மட்டக்களப்பில் மீன் பாடுமாமே என்று அவர் கேட்டார், எங்கே வாசித்தாரோ. கல்லடிப் பாலத்தடியில், நிலவுள்ள இரவில், தோணியிலிருந்து துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்றேன். "நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?" கல்லடியில் பிறந்தவன் இல்லை என்று சொல்வானா? கேட்டிருக்கிறேன் என்றேன். எத்தனை மணிக்கு, எந்த மாதம், வற்றா பெருக்கா, ஒரே சுரமா பலதா என்று குறிப்புப் புத்தகத்தை எடுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

நவம்பரில் அந்தப் புயல். பொரிப்பகத் தட்டுகளில் என் பொறுப்பில் சார் முட்டைகள் இருந்தன. காலையும் மாலையும் போய் நீரின் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். வெளுத்துச் செத்த முட்டைகளைப் பூஞ்சணம் பரவும் முன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளின் வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போனால்தான் முட்டை எப்போது பொரிக்கும் என்று சொல்ல முடியும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடுதியிலிருந்து முந்நூறு மீற்றர் தூரம். மூன்று நாட்கள் அந்தக் காற்றில் என்னால் கதவைத் திறக்கவே முடியவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் திறந்து பார்க்கவே இல்லை. போர்வைக்குள் இருந்தபடி 4.8, 4.9, 4.8, 4.7 என்று எழுதினேன். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினால் சந்தேகம் வரும். ஏழு ஆண்டு அரச உத்தியோகம் அந்த அளவுக்காவது கற்பித்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அவர் திரையில் இரண்டு கோடுகளைப் போட்டார். ஒன்று என்னுடையது. மற்றது தொட்டிக்குள் கிடந்த தானியங்கிக் கருவியுடையது. அப்படி ஒன்று அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. இரண்டாம் இரவு நீர் வரும் வாயைப் பனிக்கூழ் அடைத்திருக்கிறது. கருவியின் கோடு கிணற்றில் விழுந்த வாளிபோல இறங்கிப் பிறகு மெல்ல ஏறியது. என் கோடு அரச அலுவலகத்து மேசைபோல அசையாமல் கிடந்தது. அடைப்பை யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவருடைய வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

உகண்டாக்காரரும் வியட்நாம் பெண்களும் இருந்த வகுப்பு. எனக்குக் காது சுட்டது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த இரண்டில் முட்டைகள் எதற்குள் இருந்தன?" நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்கத் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை, அன்று மட்டும். பதிவேட்டை வாங்கி, என் மூன்று நாட்களையும் ஒற்றைக் கோட்டால் அடித்தார். கீழே உள்ள எண்கள் வாசிக்கத் தெரியும்படிதான் அடித்தார். பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். பிறகு, "இப்படி எழுதலாம் என்று நான் உங்களுக்கு முதலிலேயே சொல்லித் தந்திருக்க வேண்டும். அது என் பிழை" என்றார்.

பிரம்படி என்றால் கையைத் தேய்த்துக்கொண்டு போய்விடலாம். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்று மாலை நீச்சல் குளத்துக்குப் போகவில்லை. ஆடையில்லாமல் வரிசையில் நின்று குளிக்கும் அந்தக் கூடத்தில், துவாயைக் கழற்ற நான் பட்ட பாட்டை இன்னொருவர் இந்த மலரில் எழுதுகிறார் என்று அறிகிறேன், எழுதட்டும். குருவைப் பிறந்தமேனியாகப் பார்த்த பின்னும் "சேர்" என்று அழைத்த ஒரே மாணவன் நான்தான் என்பதை மட்டும் அவர் விட்டுவிடக் கூடாது. மறுநாள் போனேன். வெந்நீர்த் தொட்டியில் அவர் வழக்கம்போல வந்து அமர்ந்து ஆட்டிறைச்சி விலையைப் பற்றிப் பேசினார்.

பிறகு டிசம்பர் 26. எங்கள் கரையைக் கடல் அடித்தபோது அங்கே பின்னிரவு, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விடியாத காலையில், அந்த மாதத்தில் அங்கே காலை விடிவதில்லை, அவர் வந்து கதவைத் தட்டித் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். ஒரு காலுறையில் ஓட்டை. அதையும் இதையும் சேர்த்து ஏன் நினைவு வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு அவர் எதிரே குறிப்புப் புத்தகத்தோடு அமர்ந்தார். நான் ஒவ்வொரு முறை சுழற்றியதும் நேரத்தை எழுதினார், பக்கத்தில் "பதில் இல்லை" என்று எழுதினார். பக்கம் நிரம்பியது. புரட்டினார். ஆறுதலாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவருடைய மனைவி கோப்பியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து மச்சான் பேசினான். அம்மா ஒரு பாடசாலையில் இருக்கிறார். மாமாவைக் காணவில்லை. அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறினேன். எங்கள் மொழியில் தொலைந்தவரைச் சொல்வதும் கண்ணால் பார்க்காததைச் சொல்வதும் ஒரே சொல்தான் என்றேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

2005 மார்ச்சில் ஊருக்குத் திரும்பினேன். போகச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. அழிந்த தோணிகளைக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. நான்கு கிராமங்களுக்குப் போனேன், ஒன்பது கிராமங்களுக்கு எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் அந்த ஐந்துக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் அல்ல. படிவத்தில் "பார்க்கவில்லை" என்று எழுத இடம் இல்லை என்பதும் உண்மை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். அவரும் ஓரத்தில்தான் எழுதினார்.

வாவிக்கரையில் ஆறு சீமெந்துத் தொட்டிகளை மட்டும் என் கையால் கட்டி முடித்தேன். ஹோலாரிலிருந்து நான் கொண்டுவந்ததில் உருப்படியானது அதுதான். அவருக்குப் படம் அனுப்பினேன். 2006 இல் சண்டை மறுபடி தொடங்கியது. நவம்பரில் புறப்பட்டுவிட்டேன். காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, நல்ல காரணங்கள். ஆனால் தொட்டிகளில் அப்போது குஞ்சுகள் இருந்தன.

ஒவ்வொரு டிசம்பரும் அவரிடமிருந்து மின்னஞ்சல் வரும். பனி எவ்வளவு, புதிய ரெக்டர் யார், எந்தத் தொட்டியில் கசிவு என்று எழுதிவிட்டுக் கடைசி வரியில் கேட்பார்: "தொட்டிகள் எப்படி?" நன்றாக இருக்கின்றன என்று எழுதினேன். அடுத்த ஆண்டு எத்தனை வீதம் பிழைக்கின்றன என்று கேட்டார். பாடநூலைப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினேன். ரொறொன்ரோவில் இருக்கிறேன் என்று எழுத ஒவ்வொரு ஆண்டும் நினைத்து, அடுத்த ஆண்டுக்குத் தள்ளினேன். நம்பினாரா? மீனின் கண்ணைப் பார்த்தே நோய் சொன்னவர். ஆனால் என் கடிதங்களில் தானியங்கிக் கருவி எதுவும் இல்லையே.

ஸ்காபுரோவில் ஒரு குளிர்க் கிடங்கில் வேலை. உறைந்த மீன்தான் பெரும்பாலும். வெப்பநிலைப் பதிவேடு என் பொறுப்பு. பதினெட்டு ஆண்டுகளில் பார்க்காமல் ஓர் எண்கூட அதில் எழுதியதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

2019 இல் ஓய்வுபெற்றதாக எழுதினார். அடுத்த ஆண்டு மட்டக்களப்புக்கு வந்து கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க விருப்பம் என்றும், 2004 இல் நான் சொன்ன நேரங்களைக் குறித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். வாருங்கள் என்று பதில் போட்டேன். எந்த மாதம் நல்லது என்றும் சொன்னேன். 2020 இல் உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அச்சுக்குப் போகும்போது பின்வரும் இரண்டு திருத்தங்களையும் அப்படியே விட்டுவிடுங்கள். பழைய பதில்களை ஒற்றைக் கோட்டால் அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள், சுருக்கொப்பம் என்னுடையது.

கல்லடிப் பாலம், பாடும் மீன்: கேட்கவில்லை.

வாவிக்கரைத் தொட்டிகள் ஆறு, 2006 நவம்பர் முதல்: பார்க்கவில்லை.