ஆறில்லா ஊருக்கு ஆறு வரைந்த ஆறுமுகம்

"ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்" என்று நல்வழியை மனனம் செய்த பிள்ளைகள் நாம். ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஓர் ஆற்றை வரைந்து தந்தவர் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். 1905இல் பிறந்தவர், பிரித்தானியர் காலத்து இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சேர்ந்தவர். பழைய குளங்களைத் திருத்துவது அத்திணைக்களத்தின் முக்கிய வேலை. குளக்கட்டுக்கு மண்ணை மெல்லிய படைகளாகப் போட்டு இறுக்க வேண்டும். துருசோரம், அதாவது நீர் வெளியேறும் மதகின் ஓரம், மண் சரியாக இறுகாவிட்டால், அங்கே தொடங்கும் கசிவு கட்டையே அறுத்துவிடும்.

1954இல் அவர் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் அந்தக் குளத்து அறிவின் பிள்ளைதான். குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியில் ஓடும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகிறது. அந்த ஏரியைக் கிழக்கே சுண்டிக்குளத்திலும் மேற்கே ஆனையிறவிலும் மறித்தால் மழைநீர் நிற்கும். நின்ற நீர் சுமார் 4 கிலோமீற்றர் நீளமான முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி ஏரிக்குப் போகும். ஏரிநீர் கடலில் சேரும் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு வைத்த அணைகள் கடலைத் தடுக்கும். மலையைக் குடையவோ பேரணை எழுப்பவோ தேவையில்லை.

நுட்பமெல்லாம் கதவில்தான். மாரியின் முதல் வெள்ளம் ஏரிப் படுக்கையின் உப்பைக் கரைக்கும். உள்நீர் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும்போது கதவைத் திறந்து அதை வெளியே விட வேண்டும்; பிந்திய மழையைப் பிடித்து வைக்க வேண்டும். முதல் நீரைத் தேக்கினால் உப்பையே தேக்கியதாகும். நேரம் பிந்தித் திறந்தால் கரையோர வயல் மூழ்கும். ஒரே மாரியில் உவர் போகாது. ஆண்டாண்டாகக் கழுவ வேண்டும். உப்புக் காற்றில் கதவின் இரும்பு அரிக்கும், பலகை இடைவெளி விடும். அதனூடாகக் கடல்நீர் உட்புகும் ஒழுக்கு ஒன்றே பல மாரிகளின் பலனை அழித்துவிடும். மீன், இறால் பிடிப்போருக்கு உவர்நீர் வேண்டும், கமக்காரருக்கு நன்னீர் வேண்டும். இந்தப் பிணக்கைத் தீர்க்காமல் எந்தக் கதவும் நிலைக்காது.

ஏன் இவ்வளவு பாடு? குடாநாட்டின் நிலத்தடிச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்து அந்த 1 அடியைக் குறைத்தால், அடியிலுள்ள உவர் 40 அடி ஏறப் பார்க்கும். ஏரிகள் நன்னீரானால் கிணறுகளும் இனிக்கும் என்பதே ஆறுமுகத்தின் கணக்கு.

சுண்டிக்குளத்தில் போட்ட கட்டு பின்னர் வெள்ளத்தில் உடைந்தது. முள்ளியான் வாய்க்கால் வெட்டத் தொடங்கிப் பணமின்றி நின்றது. வெட்டாமல் விட்ட அந்தத் துண்டுதான் எனக்கு இன்றும் நெஞ்சில் முள்.