வீடு எங்களுக்கு, மண் வேறொருவருக்கு

நியூஜெர்சிக் குளிர் போதும், ஓய்வுக்காலத்துக்கு ஃபுளோரிடாவில் மொபைல் ஹோம் வாங்கலாம் என்கிறாள் மனைவி. தொழிற்சாலையில் கட்டி, இழுத்துவந்து மனையில் நிறுத்தும் வீடு அது. விலை மலிவுதான். ஆனால் மனை வேறொருவருடையது; அதற்கு மாதாமாதம் வாடகை. வாடகை ஏறிக்கொண்டேதான் போகும்.

ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். அவள் சமையலறையைப் பார்த்தாள். நான் குனிந்து அடித்தளத்தைப் பார்த்தேன். சுற்றியிருந்த வினைல் தகட்டை விலக்கினால் கான்கிரீட் கட்டைகள்மேல் இரும்புச் சட்டம். சூறாவளியில் பெயராமலிருக்க, மண்ணில் முறுக்கி இறக்கிய நங்கூரங்களோடு அதை உலோகப் பட்டைகளால் பிணைத்திருந்தார்கள். சில பட்டைகள் துருவேறித் தொய்ந்திருந்தன. வெளிச்சுவரில் சிறிய சிவப்புத் தகட்டையும் தேடினேன். 1976 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதிப்படி கட்டிய வீட்டுக்கு அதுதான் அடையாளம். நல்லவேளை, இருந்தது.

விற்பவரோ மனை வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட இழுத்தடிக்கிறார். அதைப் படிக்காமல் முன்பணம் தருவதாக இல்லை. மனைவிக்குக் கோபம்; திரைச்சீலையின் நிறம்வரை முடிவு செய்துவிட்டாள்.