திரையை மங்கலாக்கினால் ஏறும் வாட் கணக்கு

'இன்னும் 30 நிமிடம்தான்' என்று பயமுறுத்திவிட்டு, அதன்பின் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும் லேப்டாப் என்னுடையது. லினக்ஸ் போட்ட நாளிலிருந்து இதே கதை. பேட்டரிமேல் குறையில்லை, கணக்கில்தான் பிசகு.

சனிக்கிழமை உட்கார்ந்து, பேட்டரியின் வாட் அளவை லினக்ஸ் காட்டும் பவர்_நவ் கோப்பை இரண்டு நொடிக்கு ஒருமுறை படிக்கவிட்டேன். சார்ஜர் இல்லாமல் சும்மா கிடக்கும்போது 55.7 வாட். இந்தச் சின்ன மெஷின் உண்மையிலேயே அவ்வளவு இழுத்தால் மடியில் வைக்க முடியாது. திரை வெளிச்சத்தைக் குறைத்தேன்: 58.3. வீடியோ ஓடவிட்டேன்: 51.4. வேலை கொடுத்தால் இறங்குகிறது, ஓய்வு கொடுத்தால் ஏறுகிறது!

16 பிட்டில் அடங்குவது மொத்தம் 65,536 எண்கள். அதிலிருந்து கழித்துப் பார்க்கத் தோன்றியதும் பிடிபட்டது. 65,536-இல் 55,736 போனால் 9,800 மில்லிவாட், அதாவது 9.8 வாட். நம்பக்கூடிய எண். பேட்டரியிலிருந்து வெளியே போவதை ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) 16 பிட்டில் மைனஸ் எண்ணாக எழுதிவைக்கிறது. குறியைப் பார்க்காமல் படித்தால், அது 65,536-இலிருந்து கழித்த எண்ணாகத் தெரியும். ஃபர்ம்வேர் லினக்ஸுக்குத் தரும் டிஎஸ்டிடி அட்டவணையை ஐஏஎஸ்எல் என்ற கருவி வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பேட்டரி நிலையைச் சொல்லும் _பிஎஸ்டி மெத்தட் அந்த இரண்டு பைட்டை எடுத்து அப்படியே கையில் கொடுத்துவிடுகிறது. ஃபர்ம்வேரும் இயங்குதளமும் பேசிக்கொள்வதற்கான ஏசிபிஐ விதிப்படி அங்கே மைனஸ் வரவே கூடாது. சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்லத் தனி பிட்டுகள் இருக்கின்றன.

லினக்ஸின் மையமான கெர்னலின் பேட்டரி.சி கோப்பைத் திறந்தால், இதே நோய்க்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. எண்ணை 16 பிட்டாகப் பார்த்து, மைனஸ் என்றால் குறியை நீக்கி, 'ஃபர்ம்வேர் பக்' என்று லாகில் ஒரு வரி எழுதும். ஆனால் மில்லிஆம்பியரில் பேசும் பேட்டரிகளுக்கு மட்டும். என்னுடையது மில்லிவாட்டில் பேசுகிறது. யாரோ மறந்துவிட்டார்கள்போல என்று நினைத்து அந்த நிபந்தனையை அழித்தேன். கெர்னலில் தனியாக ஏற்றக்கூடிய அந்தப் பேட்டரி மாட்யூலை மட்டும் கம்பைல் செய்து ஏற்றப்போனால், பதிப்பு பொருந்தவில்லை என்று முதலில் திருப்பி அனுப்பியது. அதைச் சரிசெய்து ஏற்றியதும் 9.8 வாட். டீ போடப் போனேன்.

திரும்பி வந்து சார்ஜரைச் செருகினேன். 27.3 வாட் ஏறுவதாகக் காட்டியது. காலையில் சார்ஜ் ஏறும்போது 38.2 அல்லவா இருந்தது? மறுபடி கழித்தேன்: 65,536-இல் 38,200 போனால் 27,336. என் மருந்து, ஒழுங்காக இருந்த எண்ணையும் மைனஸ் என்று நினைத்துத் திருப்பிப்போட்டிருக்கிறது. 16 பிட்டில் 32,767-ஐத் தாண்டினாலே மைனஸ் என்று கணக்கு. லேப்டாப் பேட்டரியில் 33 ஆம்பியர் ஓடாது, 33 வாட் தாராளமாக ஓடும். அந்த நிபந்தனையை எழுதியவர் எதையும் மறக்கவில்லை. மறதி என்று நினைத்த எனக்குத்தான் வெட்கம்.

ஞாயிறன்று வேறு மாதிரி எழுதினேன். மெஷினின் மாடலை அடையாளம் காணும் டிஎம்ஐ பட்டியலில் என் மாடலின் பெயரைச் சேர்த்து, அந்த மாடலாகவும் இருந்து, பேட்டரி இறங்கும் நிலையிலும் இருந்தால் மட்டுமே குறியைப் பார்க்கச் சொன்னேன். எல்லாக் கோர்களையும் முடுக்கிவிட்டு, ஒயரைச் செருகி, பிடுங்கி, தூங்கவைத்து எழுப்பிப் பார்த்தேன். மீதி நேரம் இப்போது 2 மணி 50 நிமிடம் என்கிறது, ஓடுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மிச்சம். ஒயரைப் பிடுங்கியதும் நிலை உடனே மாறிவிடுகிறது, வாட் எண் மாறச் சில நொடிகள் ஆகின்றன. அந்த இடைவெளியில் பழைய 38.2 மறுபடி 27.3 ஆகித் தெரிகிறது. அந்தச் சில நொடிகளுக்காக டிரைவரில் காத்திருக்கும் நிரல் எழுத மனம் வரவில்லை.