புது கஸ்டமருக்கு மட்டும்

"அது புது கஸ்டமருக்கு மட்டும் சார்."

இதை நான் எந்த டோன்ல சொன்னேன்னுதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. கோவமா சொல்லல, அலட்சியமாவும் சொல்லல. ஏசி சர்வீஸ் பண்றதுதான் நம்ம தொழில். அப்ப ஏணி மேல நின்னுட்டு இருந்தேன், ஒரு கையில போன், இன்னொரு கையில அவுட்டோர் யூனிட்டோட மூடி, வாய்ல ரெண்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூவைக் கவ்விட்டே பேசினதால வார்த்தை கொஞ்சம் கட்டையா விழுந்திருக்கலாம். இல்லேன்னா கரெக்டாதான் விழுந்துச்சோ என்னவோ.

அவர் ஏழு வருஷமா நம்ம கஸ்டமர். என்னை தம்பின்னுதான் கூப்பிடுவார், "வாடா தம்பி, அந்த பெட்ரூம் ஏசி மறுபடி தண்ணி கொட்டுது"ன்னு உரிமையா பேசுவார். அன்னிக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சார். "தம்பி, சர்வீஸ் தள்ளுபடி மெசேஜ் பார்த்தேன், நம்ம வீட்ல மூணு யூனிட் இருக்கே, ஞாயித்துக்கிழமை வந்து அந்த ஆஃபர்லயே போட்டு விடேன்." நான் மேல சொன்ன வரியைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம், "ஓ, அப்படியா. சரிங்க."

சரிங்க. ஏழு வருஷத்துல அவர் என்கிட்ட "ங்க" போட்டதே இல்ல.

இப்ப என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அது நிஜமாவே நியாயம்தான். சீசன் இல்லாத மாசத்துல பசங்க காலையில சும்மா உக்காந்திருப்பாங்க. கடைக்காரன்னா விக்காத சரக்கை அடுத்த மாசம் வித்துக்கலாம், சர்வீஸ்ல இன்னிக்கு வீணான ரெண்டு மணி நேரத்தை எடுத்து வச்சு சீசன்ல விக்க முடியாது. அதான் அந்த மாசங்கள்ல மட்டும் 20 பர்சன்ட் குறைச்சுப் போட்டேன். பழைய ஆளுங்களுக்கும் குடுக்கலாமேன்னு கேக்கலாம், கணக்கு இடிக்குது. 100 ரூபா வேலையில 40 நிக்குதுன்னு வைங்க, 20 தள்ளுபடி போனா நிக்கிறது 20தான், பழைய லாபமே வரணும்னா கூட வேலை டபுளா செய்யணும். பழைய கஸ்டமர் எப்படியும் சீசனுக்கு முன்னாடி முழு ரேட்ல கூப்பிடப் போறவர், அவருக்கும் குறைச்சா நான் புது வேலை எதையும் கொண்டு வரல, வர இருந்த வேலையையே கம்மி ரேட்ல முன்னாடி இழுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். இதை நோட்ல எழுதியே பார்த்தேன். தப்பே இல்ல.

ஆனா அந்த நோட்ல ஒரு வரி விட்டுப்போச்சு, அது மறுநாள்தான் தெரிஞ்சது. ஆஃபரை நான் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல, அதாவது ஒரே மெசேஜ் நிறைய பேருக்குத் தனித்தனியா போற வழியில போட்டிருந்தேன், ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர் வரைக்கும் போடலாம், விசாரிச்சுட்டு வராமப் போனவங்க, ரேட் மட்டும் கேட்டவங்க, பழைய ஆளுங்க எல்லாரையும் அள்ளிப் போட்டுட்டேன். பிராட்காஸ்ட் யாருக்குப் போகும்? நம்ம நம்பரைத் தன்னோட போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு மட்டும். ஒரு தடவை ரேட் கேட்டவன் எதுக்கு என் நம்பரை சேவ் பண்ணப் போறான்? சேவ் பண்ணி வச்சிருக்கிறதெல்லாம் பழைய கஸ்டமர்தான். அதாவது, "புது கஸ்டமருக்கு மட்டும்"னு போட்ட மெசேஜ், புது ஆளுங்களைத் தவிர மத்தவங்க எல்லாருக்கும் பக்காவா போய்ச் சேர்ந்திருக்கு. நம்ம மேல பாசம் இருக்கிறவங்களைப் பொறுக்கி எடுத்து "இது உனக்கில்ல"ன்னு சொல்லியிருக்கேன். அதுலயும் "புது கஸ்டமருக்கு"ங்கிறது கீழ சின்னதா கடைசி வரியில, அவர் கண்ணாடி போடாம படிச்சிருப்பார்.

அன்னிக்கு என்கூட இருந்த பையன் கீழ ஏணியைப் பிடிச்சிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தான். "அண்ணே, நான் வேணா அவருக்கு ஒரு போன் போடட்டுமா, ஞாயித்துக்கிழமை வர்றோம்னு சொல்லிடறேன்"ன்னான். வேணாம்னுட்டேன். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்னு அவன்கிட்ட காரணம் சொன்னேன். அது பொய்னு அவனுக்கும் தெரியும், அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு புது பார்ட்டி கொஞ்சம் முரண்டு பிடிச்சதும் 20ஐ 25 ஆக்கிக் குடுத்தேன், அவனை வச்சுக்கிட்டேதான் குடுத்தேன். பேரம் பேசறவனுக்கு இறங்கி வர்ற எனக்கு, பேரமே பேசாத மனுஷன் வாய் விட்டுக் கேட்டப்போ மட்டும் ரூல் ஞாபகம் வந்துடுச்சு.

அவர் சண்டை எதுவும் போடல. போட்டிருந்தா நல்லாருந்திருக்கும். இந்தத் தொழில்ல கஸ்டமர் விலகிப் போறப்போ சொல்லிட்டுப் போறதில்ல, கூப்பிடறதை நிறுத்திடுவாங்க, சர்வீஸ் டேட் தாண்டி ரெண்டு மாசம் ஆனப்புறம்தான் நமக்கே உறைக்கும். அவரோட டேட் தாண்டி இப்ப அஞ்சு மாசம்.

நியாயமா பார்த்தா நான் இவ்வளவு ஃபீல் பண்ண வேண்டியதில்ல. மூணு யூனிட், வருஷத்துக்கு ரெண்டு தடவை, பணமா பெருசு ஒண்ணும் இல்ல. ஆனா அவர் சொல்லி வந்தவங்களை எண்ணிப் பார்த்தேன், அவரோட தங்கச்சி வீடு, மாப்பிள்ளை ஆபீஸ், மேல் வீடு, எதிர் வீடுன்னு பதினோரு இடம். விளம்பரத்துல வர்ற ஆளுக்கு க்ளிக்குக்குக் காசு, அப்புறம் தள்ளுபடி, அப்புறமும் பேரம். அவர் அனுப்பின ஆளுங்கள்ல ஒருத்தர்கூட ரேட்டைப் பத்தி முதல்ல கேட்டதில்ல, எப்ப வர்றீங்கன்னுதான் கேப்பாங்க. இந்தக் கணக்கை முன்னாடியே போட்டிருந்தா அவருக்கு 20 குடுத்திருப்பேனான்னா, குடுத்திருப்பேன். ஆனா இப்படிச் சொல்றப்போ எனக்கே ஒரு மாதிரி இருக்கு, பதினோரு பேரை அனுப்பினதால மரியாதைன்னா, யாரையும் அனுப்பாத பழைய ஆளுக்கு என்ன மரியாதை?

கூகுள்ல நமக்கு விழுந்த மூணாவது ரிவ்யூ அவரோடது. ஃபில்டரைக் கழுவறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, கழுவினதுக்கு அப்புறம் ஒரு போட்டோ, "தம்பி நல்ல பையன், நேரத்துக்கு வருவார்"னு ஒரு வரி. நான் கேட்டு எழுதினது இல்ல, ரிவ்யூவுக்காக தள்ளுபடி குடுக்கறது கூகுள் ரூல்லயே கூடாது, அவருக்கு நான் எதுவும் குடுத்ததும் இல்ல. எழுதினவங்க எப்ப வேணா மாத்தலாம், அழிக்கலாம், அதனால வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கறேன். அப்படியேதான் இருக்கு. போன மாசம் ஒரு புது கஸ்டமர், "அந்த ஃபில்டர் போட்டோ பார்த்துதாங்க கூப்பிட்டேன்"னார். அவருக்கு ஆஃபர் ரேட் போட்டேன், வேற என்ன பண்றது, அவர் புதுசுதானே.

ஆஃபரை நிறுத்தலாம்னு நினைச்சேன், நிறுத்தல. பேரை மட்டும் "முதல் விசிட்"னு மாத்தி, விளம்பரத்துல மட்டும் விடறேன். பிராட்காஸ்ட்ல போன வாரம் சும்மா ஒண்ணு அனுப்பினேன், சீசனுக்கு முன்னாடி சர்வீஸ் போட்டுக்கோங்கன்னு, ஆஃபர் பேச்சே இல்லாம. அனுப்பிட்டு மெசேஜ் இன்ஃபோவைத் திறந்து ஒவ்வொரு பேரா தேடினேன். டெலிவர் ஆன லிஸ்ட்ல அவர் பேர் இருந்துச்சு, அப்ப நம்பரை அழிக்கல. படிச்சவங்க லிஸ்ட்ல இல்ல. ப்ளூ டிக்கை ஆஃப் பண்ணி வச்சிருந்தா அதுல வராது. அதை எப்படி ஆஃப் பண்றதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி, ஹால் ஏசிக்கு கெபாசிட்டர் மாத்தப் போனப்போ, அவர் போனை வாங்கி நான்தான் பண்ணிக் குடுத்தேன்.